தண்ணி வருமுன் வாய்க்கால் செதுக்குதல்: சாமியை நம்பிக் காத்திருப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கத்தில் சிவன், முருகன், அம்மன், குலதெய்வம் என்று கும்பிட்டு வரும் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேள்விகளைப் பேச்சு வழக்கிலேயே விட்டிருக்கிறோம்.

எதிர்பார்த்துட்டு இருக்கறதும் ஆசைப்பட்டுட்டு இருக்கறதும் ஒண்ணுதானுங்களே?

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு வந்து போனால் மறுபடி வர ஏறக்குறைய 2 வருஷம் ஆகும். அந்த 2 வருஷமும் யாரும் மடையில் போய்க் குந்திக்கொண்டிருப்பதில்லை. கிணற்றில் இருப்பதை வைத்துத் தென்னையைக் காப்பாற்றுகிறார்கள், மானாவாரியில் சோளம் போடுகிறார்கள், மாடு கன்று பார்க்கிறார்கள். திறப்புத் தேதி நெருங்கும்போது மண்வெட்டியை எடுத்துப் போய்க் கிளை வாய்க்காலில் முளைத்த புல்லையும் படிந்த மண்ணையும் செதுக்கி எறிகிறார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை. ஆனால் வந்தால் நிற்காமல் பாயும்.

தண்ணீர் விட அணையில் ஆள் உண்டு, தன் முறை ஒருநாள் வரும் என்ற நம்பிக்கைதான் அந்த மண்வெட்டியை எடுக்க வைக்கிறது. ஆசைப்படுகிறவருக்கும் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் அவர் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

உங்களுடையது எது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேண்டியது நாளைக் காலையிலேயே நடந்துவிட்டால் வீட்டில் என்ன தயாராக இருக்கிறது? மகனுக்கு வேலை வேண்டும் என்று வேண்டியிருந்தால் அவன் சான்றிதழ்கள் ஒரே உறையில் இருக்கின்றனவா? மகளுக்கு வரன் என்றால் ஜாதக நகல் நான்கு பேரிடமாவது கொடுத்திருக்கிறதா? எதுவும் தயாராக இல்லையென்றால் அது இன்னும் ஆசைதான். ஆசை தப்பில்லை, ஆனால் அது ஆளைச் சீக்கிரம் களைப்பாக்கிவிடும்.

எல்லாம் தலையெழுத்துப்படிதான் நடக்கும்னா எதுக்குங்க எதிர்பார்க்கணும்? எதுக்கு வேண்டணும்?

இதே கேள்விக்குத் திருச்செங்கோட்டில் ஒரு பழைய பதில் இருக்கிறது. தேவாரத்தில் அந்த ஊருக்குக் கொடிமாடச்செங்குன்றூர் என்று பெயர். திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்தபோது குளிர்காலம். கூட வந்த அடியார்களைச் சுரம் பிடித்து வாட்டியது. அப்போது அவர் பாடியது 'அவ்வினைக்கு இவ்வினை' என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம்.

முதல் பாட்டிலேயே விஷயம் இருக்கிறது. 'அன்று செய்ததற்கு இன்று அனுபவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை அல்லவா?' என்று கேட்கிறார். வினை என்பதே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினையைக் காரணம் காட்டிச் சும்மா இருப்பதைத்தான் குறை என்கிறார். அடுத்து 'கைவினை செய்து' கழல் போற்றுவோம் என்று வருகிறது. இரண்டாம் பாட்டில் சோலை வைப்பது, குளம் பல தோண்டுவது, இருபொழுதும் பூப்பறித்து வழிபடுவது எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. குளம் தோண்டுவதையும் பூப்பறிப்பதையும் அவர் தனித்தனிக் கணக்கில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாமியை நம்பினால் மருந்து எதற்கு என்பதற்கும் இதுதான் பதில். திருநீறு பூசிக்கொண்டு மாத்திரையையும் போடுங்கள். சாமிமேல் பாரத்தைப் போட்டாகிவிட்டது என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள், அந்தப் பதிகம் சொன்ன குறையைத்தான் செய்கிறார்கள்.

சரிங்க, எங்கிருந்து ஆரம்பிக்கறது? நேரமே இல்லீங்க.

காலையில் 10 நிமிஷம் போதும். தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனிக்கு எட்டு மணிக்குப் போகிறவர், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர் என்று எல்லோரையும் மனதில் வைத்துச் சொல்லும் அளவு இது.

முதலில் விளக்கு. ஒரு திரி, நல்லெண்ணெய். திரி எரிந்து முடியும் வரை உட்கார வேண்டியதில்லை. ஏற்றியவுடன் வாய்விட்டு ஒரே ஒரு பாட்டு, முழுதாக. பதிகம் முழுதும் பாட நேரமிருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பாட்டை அரைகுறையாக முணுமுணுக்காமல் நிறுத்திச் சொல்லுங்கள்.

பிறகு மூன்று வாக்கியம், மனதுக்குள் வேண்டாம், காதில் விழும்படி. நேற்று வந்த நல்லது ஒன்று: பெரிதாக இருக்க வேண்டியதில்லை, 'நேத்துக் கரண்டு போகலை' என்பதும் கணக்குத்தான். இன்றைக்கு என் கையில் இருக்கும் வேலை ஒன்று. என் கையில் இல்லாதது ஒன்று, அதைச் சாமி பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிடுவது. மூன்றாவதைச் சொன்ன பிறகு அன்றைக்கு அதைப் பற்றி யாருக்கும் போன் போட்டுக் கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினமான பகுதி அதுதான்.

எதில் தவறுகிறார்கள் என்றால், முதல் வாரம் 40 நிமிஷம் உட்கார்கிறார்கள், இரண்டாம் வாரம் 20, மூன்றாம் வாரம் விளக்கு மட்டும் எரிகிறது. அளவைக் குறைத்துத் தொடங்கி, 48 நாள் கழித்துக் கூட்டுவது நல்லது. செல்போனை வேறு அறையில் வையுங்கள். பக்திப் பாட்டு ஓடவிடுவதற்காகத்தான் எடுத்தேன் என்பவர்கள் கடைசியில் எங்கே போய் நிற்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மனம் ஒட்டாத நாளிலும் வாயால் சொல்லுங்கள். கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயப் பதிகத்தில் 'உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லும்' என்கிறார். அப்படிப்பட்டவரே மனம் மறக்கக்கூடும் என்று ஒத்துக்கொள்கிறார். அதனால்தான் நாக்கைப் பழக்கி வைக்கிறார். பழக்கிய நாக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மனம் எதையும் யோசிக்க முடியாத ராத்திரியில் தானாகச் சொல்லும்.

வேண்டுதல் வைக்கறதுக்கு ஒரு முறை இருக்குதுங்களா?

நம் பக்கம் பரவலாக இருப்பது காசு முடிந்து வைப்பது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியை நனைத்து, ஈரம் ஆறியதும் நடுவில் 1 ரூபாய் நாணயம் வைத்து, குலதெய்வத்தின் பெயரையும் வேண்டுதலையும் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிச்சுப் போட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். சிலர் 11 ரூபாய் வைப்பார்கள். தொகையில் ஒன்றுமில்லை. முடிச்சு ஒரு ஞாபகக் குறிப்பு: என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம், என்ன செய்வதாகச் சொன்னோம்.

இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனால்தான் பின்னால் குடும்பத்தில் சண்டை வரும். பத்து வருஷம் கழித்து, 'அம்மா என்னமோ பண்ணாரி அம்மனுக்கு நேர்ந்திருந்தாங்க, குண்டத்துல தீ மிதிக்கறதா, மாவிளக்கான்னு தெரியலை' என்று நிற்கும் வீடுகள் ஏராளம். ஒரு துண்டுத் தாளில் தேதி போட்டு எழுதி முடிச்சோடு சேர்த்து வையுங்கள். சாமிக்கு எழுத்து தேவையில்லை, பிள்ளைகளுக்குத் தேவை.

அளவு முக்கியம். உங்கள் ஒரு மாத வருமானத்துக்குள் முடிகிற காரியமாக நேர்ந்துகொள்ளுங்கள். மாவிளக்கு, பூவோடு என்னும் தீச்சட்டி, தீர்த்தக்குடம், மண் உருவாரம், முடி இறக்குதல், கொடுமுடிக் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகும் தீர்த்தக் காவடி: கொங்கில் ஏழைக்கும் கைக்கெட்டுகிற நேர்த்திகள் இத்தனை இருக்கும்போது, பயந்துபோன ஒரு ராத்திரியில் 'கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுறேன்' என்று சொல்லிவிட்டுப் பிறகு வட்டிக்கு வாங்குவது எதற்கு? பயத்தில் சொன்ன நேர்த்தி எப்போதும் பெரிதாக இருக்கும். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு முடிச்சுப் போடுங்கள்.

அடுத்தவர் உடம்பின்மேல் நேர்ந்துகொள்ளாதீர்கள். 'என் பையன் அலகு குத்துவான்' என்று அம்மா நேர்வது பையனுக்குத் தெரியாமலே நடக்கிறது. நேர்ந்ததைச் செய்பவர் நீங்களாக இருங்கள். கைக்குழந்தைக்கு முடி எடுப்பது மட்டும் விதிவிலக்கு.

ஒரே காரியத்துக்கு நாலு சாமியிடம் நேர்வதும் வேண்டாம். தெய்வங்கள் போட்டி போடும் என்பதற்காக அல்ல. நாலு இடத்தில் கேட்டவர் மனம் நாலு இடத்திலும் காத்திருக்கிறது, ஓரிடத்திலும் உட்காருவதில்லை.

பூ கேட்டோம், வேண்டாத பூ வந்திருச்சு. என்ன பண்றதுங்க?

தெரியாதவர்களுக்காக: வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வெளியே அடையாளம் தெரியாமல் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விவரம் அறியாத குழந்தையையோ பூசாரியையோ விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. எந்தப் பூ வந்தால் சம்மதம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் வெள்ளை.

அநேக இடங்களில் கோளாறு பூவில் இல்லை, கேள்வியில். 'பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?' என்று கேட்டுவிட்டுச் சிவப்பு வந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? வருங்காலத்தை ஆமா, இல்லை என்று கேட்பதற்கானதல்ல இது. நீங்கள் செய்யப்போகும் காரியத்துக்கு உத்தரவு கேட்பதற்கானது: 'இந்தத் தை மாதத்தில் போர் போடலாமா?', 'இந்த வரனோடு பேச்சை மேலே கொண்டுபோகலாமா?' இல்லை என்று வந்தாலும் அப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம், வாழ்க்கை அடைபடாது.

வெள்ளை வரும்வரை மூன்றாம் தடவை, நான்காம் தடவை கேட்கிறவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். அதைச் சாமி தலையில் கட்டாமல் தாங்களே எடுத்துக்கொள்வது நேர்மை.

சிவன்மலை உத்தரவுப் பெட்டியில வெச்ச பொருளைப் பார்த்து மஞ்சளை இருப்பு வெக்கலாமா, விக்கலாமா?

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில், ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னால் அவர் கோயிலில் வந்து தெரிவிப்பார். அங்கே பூ கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். இத்தனை நாள் என்ற கணக்குக் கிடையாது. மண், தண்ணீர், மஞ்சள் என்று பலதும் வைக்கப்பட்டிருக்கின்றன.

பொருளை வைப்பதோடு சரி, அதற்குப் பொருள் என்ன என்று கோயில் எழுதி ஒட்டுவதில்லை. மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்று ஒருவர் சொல்வார், மஞ்சளுக்குச் சோதனை என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். இரண்டு பேரும் ஈரோட்டு மார்க்கெட்டில்தான் நிற்பார்கள். அந்தப் பெட்டி முன்னால் நிற்கும்போது 'இதில் கவனமாக இரு' என்று எடுத்துக்கொள்வதில் நட்டமில்லை. இருப்பு வைப்பதற்கு மார்க்கெட் நிலவரம், குடோன் வாடகை, கையில் இருக்கும் கடன் இவற்றைப் பாருங்கள்.

48 நாள் விரதம் நடுவுல முறிஞ்சு போச்சுங்க. திரும்ப முதல்லிருந்தா?

வேண்டியதில்லை. 12 ராசி, 9 கிரகம், 27 நட்சத்திரம் சேர்ந்தால் 48 என்று மண்டலத்துக்குக் கணக்குச் சொல்வார்கள். வீட்டில் சாவு விழுந்தது, காய்ச்சலில் படுத்தது, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள்: இவற்றில் நின்றுபோன நாட்களைக் கடைசியில் சேர்த்து முடிப்பதே பல வீடுகளில் வழக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு முறை வைத்திருந்தால் அதைக் கேளுங்கள்.

கந்த சஷ்டி ஆறு நாளில் இன்னொரு சிக்கல் வருகிறது. சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கந்த சஷ்டி கவசத்தில், ஒருநாளில் 36 முறை ஓதுவது பற்றி வருகிறது. நிதானமாகச் சொன்னால் ஒருமுறைக்குக் கால் மணி நேரம் ஆகும். 36 தடவைக்கு 9 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் அதை அடைய வேகத்தைக் கூட்டுகிறார், கடைசியில் எழுத்துகள் உருண்டு ஓடுகின்றன. அதே இடத்தில் 'ஒரு நினைவதுவாகி' என்றும் இருக்கிறது. நினைவு ஒன்றாகாத 36-ஐவிடக் காலை ஒன்று, மாலை ஒன்று மேல்.

வெறும் வயிற்று விரதத்தைச் சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் எடுக்க வேண்டாம். ஒருவேளைச் சாப்பாட்டில் பிடித்த ஒன்றை விட்டாலும் விரதம்தான்.

பன்னெண்டு வருஷமா வேண்டறோம். நடக்கலீங்க. இன்னும் எப்படிங்க நம்பறது?

இந்தக் கேள்விக்கு வேகமாகப் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், எங்களையும் சேர்த்துத்தான். அவிநாசிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதலை வாயைத் திறக்கும் இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் பகுதியைப் பெரியபுராணத்தில் நிதானமாகப் பாருங்கள்.

சுந்தரர் புக்கொளியூர் அவிநாசித் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஓசை, எதிர்வீட்டில் அழுகை. விசாரித்தால், 5 வயதுப் பையன்கள் இரண்டு பேர் மடுவில் குளிக்கப் போனதில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்குத்தான் இப்போது பூணூல். எதிர்வீட்டில் பிள்ளைக்குச் சாவு நேர்ந்த நாள் அல்ல அது. மற்றவன் பிள்ளைக்கு விசேஷம் நடக்கும் நாள். ஆறியதாக நினைத்த புண் அன்றைக்குத் திறந்துகொண்டது. ஊரில் கூடப் படித்தவர்களின் பிள்ளைகளுக்குச் சீர் நடக்கும்போது, குழந்தையில்லாத வீட்டில் ராத்திரி நடப்பதும் இதுவே.

சுந்தரர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தத் தாயும் தகப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வந்து வணங்குகிறார்கள். பிள்ளையைக் கொடு என்று கேட்கவில்லை. 'பிள்ளையை இழந்தவர் நீங்கள்தானா?' என்று அவர்தான் கேட்கிறார். அது முன்பு நடந்தது, உங்களைக் கும்பிட வேண்டும் என்று நெடுநாளாக இருந்தோம், அது நடந்துவிட்டது என்கிறார்கள். துக்கத்தை மறந்து என் வரவுக்கு மகிழ்ந்தார்களே என்று சுந்தரர் மனம் உருகி, மடு எங்கே என்று கேட்டுப் போய்ப் பதிகம் பாடுகிறார். நாலாவது பாட்டில், 'பிள்ளையைத் தரச் சொல்லு' என்று கேட்கும்போது முதலை, இத்தனை வருஷ வளர்ச்சியோடு பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறது. இன்றும் பங்குனியில் அவிநாசியில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் நடக்கிறது.

'அதுபோல உங்களுக்கும் நடக்கும்' என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அந்தத் தெருவிலேயே பிள்ளையை இழந்த வேறு வீடுகளும் இருந்திருக்கும். சொல்ல முடிவது இவ்வளவுதான்: அவர்கள் அழுதார்கள், அது மறைக்கப்படவில்லை. அழுகையோடு வாசலுக்கும் வந்தார்கள். எதிர்பார்ப்பு என்று நாம் சொல்வது அந்த வாசலுக்கு வருவதை. கேட்டது கிடைக்காத 12 வருஷத்தில் வாசலுக்கு வருவது நின்றுபோயிருந்தால், முதலில் திரும்பப் பிடிக்க வேண்டியது அதைத்தான். ஒரு விசேஷத்துக்குப் போவது, ஒரு பௌர்ணமிக்குக் கோயில் போவது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று சின்னதாக. முடியாத நாளில் போக வேண்டாம்.

வேண்டுதலை மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். மாற்றலாம். வருஷத்துக்கு ஒருநாள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில், முடிச்சை எடுத்துப் பாருங்கள். 'குழந்தை வேணும்' என்பது 'வீடு நிறையணும்' என்று மாறியிருக்கிறதா? தத்தெடுப்பு பற்றிப் பேசும் அளவுக்கு இருவர் மனமும் வந்திருக்கிறதா? மாறியிருந்தால் புதிதாக முடியுங்கள். அது சாமிக்குத் துரோகம் ஆகாது.

சாமி மேல கோபம் கோபமா வருதுங்க. திட்டினாப் பாவமுங்களா?

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே திருமுருகன்பூண்டி இருக்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் வரும்போது அங்கே வேடர்கள் வழிப்பறி செய்தார்கள். வேடராக வந்தவை சிவனுடைய பூதகணங்கள் என்கிறது புராணம். நேராகக் கோயிலுக்குப் போனவர், இப்படி அடித்துப் பிடுங்குகிற ஊரில் 'எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். நீ எதற்கு இங்கே இருக்கிறாய் என்று. அது தேவாரத்தில், ஏழாம் திருமுறையில் இருக்கிறது. ஓதுவார்கள் இன்றும் சன்னதியில் பாடுகிறார்கள்.

ஆகவே திட்டலாம். கோயிலுக்குள் போய் நேராகத் திட்டுங்கள். போவதை நிறுத்திவிட்டு வெளியே நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட அது நெருக்கமான காரியம்.

நடக்காதவங்களுக்கு நாம என்ன சொல்றது? 'சாமி குடுக்கும்'னு சொல்லலாமுங்களா?

கேட்காத வரை சொல்ல வேண்டாம். கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்த இடத்தில், 'அம்மிணி, ஏதாச்சும் விசேஷமுண்டா?' என்று கேட்பதை முதலில் நிறுத்தலாம். 'போன பிறவியில என்ன பண்ணினாங்களோ' என்பதை வீட்டுக்குள்ளும் பேச வேண்டாம், சுவருக்குக் காது உண்டு.

கோயிலுக்குப் போனால் அவர்கள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்து, திருநீற்றை மடித்துக் கொண்டுவந்து பேச்சில்லாமல் கையில் கொடுங்கள். மறுபடி விசாரிக்காதீர்கள்.

பரிகாரத்துக்கு முப்பதாயிரம் கேக்கறாங்க. பண்ணலாமா?

வேண்டாம். தொகையை முன்பே சொல்லி, நாள் குறித்து, பலனுக்கு உத்தரவாதமும் கொடுத்தால் அது வியாபாரம். 'பண்ணலைன்னா உயிருக்கு ஆபத்து' என்று பயமுறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுல ஒருத்தருக்கு நம்பிக்கையே இல்லீங்க. அதனாலதான் நடக்கலையோ?

பெரியார் பிறந்த ஈரோட்டைச் சுற்றி இருக்கும் வீடுகளில், ஒருவர் மாலை போட்டிருக்க அண்ணன் கறுப்புச் சட்டை போட்டிருப்பது புதிதல்ல. ஒருவர் கும்பிடாததால் அடுத்தவர் வேண்டுதல் தடைப்படும் என்று எந்தப் பதிகத்திலும் இல்லை. கையில் திருநீற்றைத் திணிக்காதீர்கள். வாய்க்கால் செதுக்கும் வேலையில் அவரைக் கூப்பிடுங்கள்: ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, லோன் தாளைப் படித்துப் பார்ப்பது. அநேகமாக அதில் அவர்தான் கெட்டிக்காரர்.

கிறிஸ்தவங்களும் இதையே சொல்றாங்களாமே?

நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களிடம் இதற்கென்றே ஒரு சொல் புழங்குகிறது: 'எதிர்நோக்கு'. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மூன்றையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். 2025 யூபிலி ஆண்டில் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலுக்கு மற்ற மதத்தாரும் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வழிபாடு வேறு, கோட்பாடு வேறு; அதைக் கலக்க வேண்டாம். 'எதிர்நோக்கு' என்ற சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம், நல்ல சொல்.

கும்புடவே முடியலீங்க. எந்திரிக்கவே தோணலை.

தூக்கம், பசி, வேலை மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் அது பக்திக் குறைவாக இருக்க வேண்டியதில்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் இன்றைக்கே பேசுங்கள், ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள். விளக்கை அந்த நாட்களில் வீட்டில் வேறு யாராவது ஏற்றட்டும்.

வேண்டினது நடந்திருச்சுங்க! நேத்தியை எப்பச் செலுத்தறது?

சீக்கிரம். 'நல்லாப் பண்ணிரலாம், சொந்தக்காரங்க எல்லாம் வரட்டும்' என்று தள்ளும்போதுதான் வருஷங்கள் ஓடுகின்றன. திருவிழாவோடு சேர்ந்த நேர்த்தி என்றால், பண்ணாரிக் குண்டம் பங்குனியில், பழனிக் காவடி தைப்பூசத்தில் என்று, அதற்குக் காத்திருக்கலாம். மற்றவை 3 மாதத்துக்குள்.

முன்னால் அளவுக்கு மீறி நேர்ந்துவிட்டீர்கள் என்றால், சன்னதியில் அதைச் சொல்லிப் பூ கேட்டு, முடிந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பூசாரியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

செலுத்தும் நாளில் முடிச்சைக் கோயிலிலேயே அவிழ்த்து, காசை உண்டியலில் போடுங்கள். எழுதி வைத்த தாளைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். துணியைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைத்தால் அடுத்ததற்கு ஆகும்.